ஞாயிறு காலையில் ஊடே கெர்க் தேவாலயம், பின்பு தனியாளாகச் சைவ ரைஸ்தாஃபல் (சோற்றுடன் பல கறிகள் வரும் இந்தோனேசிய விருந்து): ஆம்ஸ்டர்டாமில் முடியுமா?

இப்படிக் கேட்டிருக்கும் நீங்கள், ஒருவருக்கான உங்கள் ரைஸ்தாஃபல் முன்பதிவை உணவகம் மறுத்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொல்லும் நேரப்படி முடியாது. தேவாலயத்தைப் பிற்பகலுக்கும் உணவை மாலைக்கும் தள்ளி வையுங்கள். 1306இல் அர்ப்பணிக்கப்பட்ட ஊடே கெர்க்கில் இன்றும் ஞாயிறு காலை வழிபாடு நடப்பதால், பார்வையாளர்களைப் பிற்பகலில்தான் அனுமதிப்பார்கள். உள்ளே போனதும் மரக்கூரையை அண்ணாந்து பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள்: தரை முழுவதும் கல்லறைக் கற்கள்தாம், அவற்றுள் ஒன்று ரெம்பிராண்டின் மனைவி சாஸ்கியாவுடையது.

உங்கள் முன்பதிவு மறுக்கப்பட்டதற்கு, ரைஸ்தாஃபலைப் பெரும்பாலும் இருவருக்குக் குறைவாகப் பரிமாறுவதில்லை என்பதே காரணமாக இருக்கலாம். டச்சுக் காலனிய இந்தோனேசியாவில் உருவான இந்த விருந்தில் பத்துப் பதினைந்து சிறு கிண்ணங்கள் வரும். தனியாகச் செல்பவருக்கு, சோற்றைச் சுற்றிப் பல கறிகளை ஒரே தட்டில் வைத்துத் தரும் நாசி ராமெஸே பொருத்தம். என் கருத்தில் அதுவே வயிற்றுக்கும் நல்லது.

உணவுப் பட்டியலில் சைவம் என்று எழுதியிருந்தாலும், 'திராசி' இல்லாமல் செய்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். திராசி என்பது புளிக்கவைத்த இறால் விழுது. சம்பல் என்னும் மிளகாய் விழுதிலும், காய்கறிக் குழம்பிலும், சில இடங்களில் காடோ காடோ என்னும் காய்கறிக் கலவையின் வேர்க்கடலைச் சாற்றிலும்கூட அது கரைந்திருக்கும். நம் அப்பளத்தைப் போலவே தோன்றும் குருப்புக்கிலும் இறால் இருக்கக்கூடும். தெம்பே என்பது புளிக்கவைத்த சோயாவில் செய்யும் கட்டி என்றாலும், மேலே ஊற்றும் சம்பலை விசாரியுங்கள்.

ஊடே கெர்க்கில் கலைக் காட்சிகளும் நடப்பதால், அவற்றுக்கான பணிகளின்போது நேரம் மாறலாம். முந்தைய நாள் அவர்களின் இணையதளத்தைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.