ஆறு பேர் வந்தோம், இரண்டு யூனிட்தான் ஏற்றினார்கள்

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். அப்பாவுக்கு வயது 64. மூட்டுவலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டே பழகியவர், போன மாதம் ரத்த வாந்தி எடுத்தார். வயிற்றுப் புண் என்றார்கள். மதுரையில் சேர்த்தபோது ஹீமோகுளோபின் 6.2. இரண்டு யூனிட் ஏற்றி, 8.1 வந்ததும் நிறுத்திவிட்டார்கள். ரத்தம் கொடுக்க ஆறு பேர் காத்திருந்தோம். 'ரத்தம் ஏற்றியவர்கள் அதிக நாள் தாங்கமாட்டார்கள்' என்று பக்கத்துப் படுக்கைக்காரர் வேறு சொன்னார். அப்பாவுக்கு ஆபத்து உண்டா?

பதில்: குறைவாக ஏற்றிவிட்டார்களோ என்று ஒரு பயம், ஏற்றியதே தப்போ என்று இன்னொரு பயம். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். முதலில் பக்கத்துப் படுக்கைக்காரரைக் கவனிப்போம்.

ரத்தம் ஏற்றப்பட்டவர்களில் இறப்பு அதிகம் என்பது கணக்கில் உண்மைதான். ஆனால் யாருக்கு ஏற்றுகிறோம்? பஸ்ஸில் அடிபட்டு வந்தவருக்கு, பிரசவத்தில் உதிரம் நிற்காதவருக்கு, புற்றுநோய் முற்றியவருக்கு. அவர்களுடைய நோயின் பழியை ரத்தப் பையின்மேல் போடக் கூடாது.

அடுத்தது அளவு. நான் படித்த காலத்தில் ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே போனாலே ஏற்றிவிடுவோம். 2013இல் வெளியான ஸ்பெயின் நாட்டு ஆய்வில், உங்கள் அப்பாவைப்போல வயிற்றில் ரத்தம் கசிந்த 921 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். 7-க்குக் கீழே இறங்கிய பிறகே ஏற்றிய பிரிவில், ஆறு வாரம் கழித்து 100-க்கு 95 பேர் உயிரோடு இருந்தார்கள். 9-க்குக் கீழே வந்ததுமே ஏற்றிய பிரிவில் 91 பேர். தாராளமாக ஏற்றியவர்களுக்குத்தான் மறுபடி ரத்தம் கசிந்ததும் அதிகம். கொட்டுகிற ரத்தப்போக்குக்கும் மாரடைப்புக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே வேறு அளவு. அப்பாவுக்கு 8.1இல் நிறுத்தியது கஞ்சத்தனம் அல்ல, நல்ல வைத்தியம்.

அளவுக்கு மேல் ஏற்றினால் வயதானவர்களுக்கு நுரையீரலில் நீர் கோத்து மூச்சு திணறும். இன்னொரு பெரிய ஆபத்து, பை மாறிப்போவது. பையை மாட்டும் முன் நர்ஸ் பெயரையும் ரத்த வகையையும் இரண்டு தடவை வாசித்தாரே, முதல் கால் மணி நேரம் கட்டிலைவிட்டு நகராமல் நின்றாரே, அதெல்லாம் சடங்கு இல்லை. உயிரைக் காப்பாற்றுவது பாதி அந்தக் கால் மணி நேரம்தான்.

இனி அந்த மூட்டுவலி மாத்திரை வேண்டவே வேண்டாம். குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியின்போது, புண்ணை உண்டாக்கும் 'ஹெச் பைலோரி' கிருமிக்குப் பரிசோதித்தார்களா என்று கேளுங்கள். இருந்தால் அதை ஒழிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆறிய புண்ணும் திரும்ப வரலாம். மீதி ரத்தத்தை அவர் உடம்பே ஊறவைத்துக்கொள்ளும், இரும்புச்சத்து மாத்திரை கிடைத்தால். பீட்ரூட் சாறு சிவப்பாக இருப்பதோடு சரி. இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பது வழக்கம், பயப்படாதீர்கள். தார்போல ஒட்டி நாற்றமடித்தாலோ, எழுந்து நின்றதும் தலை சுற்றினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றிரவே கிளம்பிவிடுங்கள்.