கேளுங்க, சொல்றோம்: போர்ட்ஃபோலியோவுக்கு எந்த கிரிட்?

கேள்வி: அக்கா, ஆர்க்கிடெக்சர் டிப்ளோமா முடிச்சிட்டு டிகிரிக்கு அப்ளை பண்ண போர்ட்ஃபோலியோ (நான் வரைஞ்சதோட தொகுப்பு) போடறேன். எங்க தோட்டத்து (எஸ்டேட்) பழைய லயத்து வீடு (தொழிலாளர் வரிசை வீடு), ஆயாக்கொட்டாய் (பிள்ளைங்களைப் பார்த்துக்கிற இடம்) ரெண்டையும் அளந்து வரைஞ்ச ப்ளான், செக்‌ஷன் (குறுக்குவெட்டுப் படம்), போட்டோ எல்லாம் இருக்கு. 12 காலம் (நெடுக்குப் பத்தி) இருக்கற கிரிட், அதாவது பக்கத்தைப் பிரிக்கிற கட்டக் கோடு, டெம்ப்ளேட் ஒன்னு டவுன்லோட் பண்ணி இன்டிசைன்ல (பக்கம் வடிவமைக்கிற சாஃப்ட்வேர்) அடுக்கினேன், பார்த்தா சூப்பர்மார்க்கெட் ஆஃபர் பேப்பர் மாதிரி இருக்கு. கிரிட்டே வேணாமா?
– மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: கிரிட் வேணும்மா, யாரோ போட்டு வச்ச கிரிட்தான் வேணாம். 12 காலம்ங்கிறதுல தப்பில்ல, ரெண்டு மூனு நாலு ஆறுன்னு எப்படியும் பிரியும்னுதான் எல்லாரும் அதையே புடிச்சிக்கிறாங்க, அதுக்காக 12 பெட்டியையும் ரொப்பணுமா என்ன?

முதல்ல உங்ககிட்ட இருக்கறதுலயே பெரிய டிராயிங்கை எடுத்து வைங்க. லயம் நீளமான கட்டடம், 30 மீட்டர்னு வச்சிக்குவோம், 1:100ல (நிஜத்துல நூத்துல ஒரு பங்கா) வரைஞ்சா 300 மில்லிமீட்டர் வரும், ஏ4 தாளைப் படுக்கவச்சாலும் 297தான், மார்ஜின் விடறதுக்கு முன்னாடியே இடிக்குது. 1:200க்கு இறங்கினா 150தான், அவ்வளவு சின்னதுல திண்ணை எங்க கதவு எங்கன்னு தேடணும். அதனால ஏ3 படுக்கை, 420க்கு 297.

இப்போ கணக்கு: ரெண்டு பக்கமும் 15 மார்ஜின், காலத்துக்கு நடுவுல 6, அப்போ ஒரு காலம் சரியா 27 மில்லிமீட்டர். பத்து காலம் சேர்ந்தா 324, உங்க லயம் தாராளமா உட்காரும், மிச்ச ரெண்டு காலம் 60 மில்லிமீட்டர், கேப்ஷனுக்கு அது போதும், அதுக்குப் பக்கத்துல வேற போட்டோ எதையும் சொருகாதீங்க ப்ளீஸ்! நிறைய பிள்ளைங்க காலி இடத்தைப் பார்த்தாலே பயந்துபோய் எதையாவது ஒட்டிடுறாங்க.

குறுக்கால ஆறு வரிசை போடுங்க, வரிசை 38, இடைவெளி அதே 6, மேல 15 கீழ 24 விட்டா சரியா வந்துடும், பக்க நம்பர் அந்த 24க்குள்ள போகட்டும். இதெல்லாம் பேரன்ட் பேஜ்ல (எல்லா பக்கத்துக்கும் அச்சா இருக்கற பக்கம், பழைய வெர்ஷன்ல மாஸ்டர் பேஜ்னு இருக்கும்) ஒருதடவை போட்டா போதும். இதுல நான் அடிச்சு சொல்றது ஒன்னுதான், எல்லா செக்‌ஷனோட தரைக்கோடும் எல்லா பக்கத்துலயும் ஒரே வரிசையில நிக்கணும், லயத்துல இருந்து ஆயாக்கொட்டாய்க்குப் பக்கம் புரட்டும்போது தரை ஏறி இறங்கினா எவ்வளவு நல்ல டிராயிங்கா இருந்தாலும் எடுபடாது.

இன்னொன்னு, ஃப்ரேமுக்குள்ள ஃபிட் பண்ற பட்டனை அமுக்கிடாதீங்க, ஸ்கேல் போயிடும், 1:100ன்னு கீழ எழுதியிருக்கும் ஆனா அளந்தா வேற வரும். ஸ்கேல் பார் (மீட்டர் அளவு காட்டற கோடு) வரைஞ்சு டிராயிங்கோட சேர்த்தே வைங்க, சுருங்கினாலும் கூடவே சுருங்கும்.

கேள்வி: டவுன்ல கடையில பிரிண்ட் எடுத்தா மார்ஜின் மாறிடுது, ஏன்?
– அதே மாணவி

பதில்: ஃபிட் டு பேஜ்ல (தாளுக்கு ஏத்தமாதிரி அளவை மாத்தறது) விட்டிருப்பாங்க. ஆக்சுவல் சைஸ், 100 சதவீதம்னு சொல்லி ஒரே ஒரு பக்கம் எடுத்து, ரூலர் வச்சு அந்த லயம் 300 மில்லிமீட்டர் வருதான்னு அளந்து பார்த்துட்டு மத்ததுக்குக் காசு கட்டுங்க.