சிறைக்குள் அடித்தால் வெளியே யாரிடம் முறையிடுவது?

கேள்வி: என் தம்பிக்கு 23 வயது. அடிதடி வழக்கில் ரிமாண்ட் ஆகி இரண்டு மாதமாக மத்திய சிறையில் இருக்கிறான். போன வாரம் மனு போட்டுப் பார்க்கப் போனபோது இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. கேட்டதற்கு "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்க்கா" என்றான். அவனோடு இருந்து ஜாமீனில் வந்த ஒருவரோ, வார்டர்கள் லத்தியால் அடித்தார்கள், எக்ஸ்ரேகூட எடுக்கவில்லை என்கிறார். எங்கள் வக்கீல், "இப்போது எதையாவது செய்தால் உள்ளே இன்னும் தொந்தரவு கொடுப்பார்கள், பொறுங்கள்" என்கிறார். சிறைக்குக் கட்டுப்படாத யாராவது இதை விசாரிக்க முடியுமா?

- திண்டுக்கல் மாவட்ட வாசகி

பதில்: முடியும். சட்டப்படி சிறையைக் கண்காணிக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் தம்பியின் கை வீக்கம் வடிவதற்குள் வேலை செய்யக்கூடியவர்கள் இரண்டு மூன்று பேர்தான். அவர்களில் முதல் ஆள், அவரை ரிமாண்ட் செய்த மாஜிஸ்திரேட்.

பல குடும்பங்கள் இதை யோசிப்பதே இல்லை. நேரே முதலமைச்சர் தனிப்பிரிவுக்கு மனு அனுப்புவார்கள். அது சுற்றிச் சுற்றிக் கடைசியில் அதே சிறைக் கண்காணிப்பாளரின் மேசைக்கு "தக்க நடவடிக்கைக்காக" வந்து சேரும். உங்கள் தம்பி விசாரணைக் கைதி. அவர் இருப்பது நீதிமன்றக் காவலில். நீதிமன்றம் ஒப்படைத்த ஆளைச் சிறை வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அவர் உடம்புக்கு என்ன ஆனது என்று கேட்கும் அதிகாரம் அந்த மாஜிஸ்திரேட்டுக்கு உண்டு. காவல் நீட்டிப்புக்கு மறுபடி அவர் முன்னால்தான் நிறுத்தியாக வேண்டும். இப்போது அது பெரும்பாலும் வீடியோவில் முடிந்துவிடுகிறது. திரையில் முகம் தெரியும், மணிக்கட்டு தெரியாது. பக்கத்திலேயே சிறை ஊழியர் நிற்கும்போது அவர் வாயைத் திறப்பார் என்றும் எதிர்பார்க்க முடியாது.

ஆகவே அந்த நீதிமன்றத்தில் ஒரு மனு போடச் சொல்லுங்கள். அடுத்த வாய்தாவுக்கு நேரில் ஆஜர்படுத்த வேண்டும். சிறை மருத்துவமனையில் அல்லாமல் அரசு மருத்துவமனையில் பரிசோதித்து அறிக்கையை நேரடியாக நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். சம்பவ நாளின் சிசிடிவி பதிவை அழிக்காமல் வைத்திருக்க உத்தரவிட வேண்டும். இந்த மூன்றும் அதில் கட்டாயம் இருக்கட்டும். சிசிடிவி விஷயத்தில் தாமதிக்காதீர்கள். பழைய பதிவின் மேல் புதியது ஏறிக்கொண்டே இருக்கும். ஜாமீனில் வந்தவரிடம் எந்த நாள், காலையா மாலையா, எந்த பிளாக் என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் சம்மதித்தால் பிரமாண வாக்குமூலமாகவே வாங்கி வையுங்கள். அவருக்கும் வழக்கு இருக்கிறது, நாளை பின்வாங்கலாம்.

"விழுந்துவிட்டேன்" என்று தம்பி எழுதியே கொடுத்திருந்தாலும் பதற வேண்டாம். உள்ளே இருப்பவர்கள் அப்படி எழுதிக் கொடுப்பது நீதிபதிகளுக்கும் தெரியும். 1894-ஆம் ஆண்டு சிறைகள் சட்டத்தின் 24-ஆம் பிரிவுப்படி, உள்ளே வரும் கைதியை மருத்துவர் பார்த்து, உடம்பில் இருக்கும் காயம், தழும்பு எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். வரும்போது மணிக்கட்டு நன்றாக இருந்தது என்பதை அவர்கள் பதிவேடே சொல்லும். உண்மையிலேயே வழுக்கி விழுந்திருந்தால் அன்றைய தேதியில் சிறை மருத்துவமனையில் சிகிச்சைப் பதிவு இருக்க வேண்டும். அது இல்லையென்றால் விழுந்த கதை நிற்காது. இரண்டு பதிவேடுகளையும் வரவழைக்கும்படி மனுவிலேயே கேளுங்கள்.

அப்புறம், மனு போட்டுத் தம்பியைப் பார்க்கும் இடத்தில் வைத்து இதைப் பேசாதீர்கள். அங்கே சிறை ஊழியர்களின் காது இருக்கும். வக்கீல் தனியாகப் போய்ப் பார்க்கட்டும். விசாரணைக் கைதி தன் வக்கீலை வேறு யாரும் உடன் இல்லாமல் சந்திக்கலாம் என்று அதே சட்டத்தின் 40-ஆம் பிரிவு சொல்கிறது. பார்வைக்கு எட்டும் தூரத்தில் காவலர் நிற்கலாம், காதுக்கு எட்டும் தூரத்தில் கூடாது. குடும்பத்தையும் வக்கீலையும் சந்திப்பது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 1981-இல் பிரான்சிஸ் கோரலி முல்லின் வழக்கில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது.

உங்கள் வக்கீலின் பயம் பொய்யில்லை. ஆனால் அவர் சொல்லும் தீர்வோடு எனக்கு உடன்பாடில்லை. யாருக்கும் தெரியாமல் இருக்கும்வரைதான் அடிப்பது எளிது. நீதிமன்றக் கோப்பில் பெயர் ஏறிவிட்ட கைதி மேல் கை வைக்க யோசிப்பார்கள். பழிவாங்கல் வேறு வடிவில் வரலாம்: தனிச் செல், தூரத்துச் சிறைக்கு மாற்றம், குடும்பத்தார் சந்திப்பு ரத்து. இதற்கும் பதில் இருக்கிறது. திகார் சிறையில் ஒரு வார்டர் பணம் பறிப்பதற்காகக் கைதி ஒருவரைக் கொடூரமாகச் சித்திரவதை செய்ததை, இன்னொரு கைதி சுனில் பத்ரா உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதமாக எழுதினார். நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது. 1979-இல் வந்த அந்தத் தீர்ப்பை எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். தனிச் செல், சலுகை மறுப்பு, தண்டனை போன்ற இடமாற்றம் எதுவானாலும் செஷன்ஸ் நீதிபதியின் பரிசீலனை இல்லாமல் கூடாது. அவசரமென்றால் இரண்டு நாளுக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது தீர்ப்பு. இதை மேற்கோள் காட்டி, அப்படி ஏதாவது செய்தால் நீதிமன்றத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவு கேளுங்கள். "பாதுகாப்புக்காகத் தனியாக வையுங்கள்" என்று மட்டும் நீங்களாகக் கேட்டுவிடாதீர்கள். அது தனிச் செல்லில்தான் முடியும்.

இரண்டாவது கதவு, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. அதன் தலைவர் முதன்மை மாவட்ட நீதிபதி, செயலாளரும் நீதித்துறை அதிகாரி. சிறைத்துறைக்குக் கட்டுப்பட்டவர்கள் இல்லை. காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. இவர்களின் வக்கீல்கள் சிறைக்குள் போய்வருகிறார்கள் என்பதால் தம்பியை வேறொருவர் கண்ணால் பார்த்து அறிக்கை தர வைக்கலாம். சிறை இருக்கும் மாவட்டத்தின் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள், உங்கள் ஊருக்கு அல்ல. இலவச எண் 15100. ஆனால் போனோடு விடாமல் எழுத்தில் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள்.

மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் போகலாம். கட்டணமும் வக்கீலும் வேண்டாம், தமிழிலேயே எழுதலாம், சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். முன்னறிவிப்பு இல்லாமல் எந்தச் சிறைக்குள்ளும் போகும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. அதன் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021-இல் தீர்ப்பளித்தது. ஆனால் மெதுவாக நகரும் இடம் இது. இழப்பீட்டுக்கும் துறை நடவடிக்கைக்கும் பயன்படும், நாளைய எக்ஸ்ரேக்கு அல்ல. புகாரில் அடிதடி வழக்கின் நியாயத்தைப் பேசாதீர்கள். நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள விஷயம் என்று ஒதுக்கிவிடுவார்கள். சிறைக்குள் நடந்ததை மட்டும் எழுதுங்கள். மாநில ஆணையம், தேசிய ஆணையம் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பவும் வேண்டாம்.

பார்வையாளர் குழு என்று ஒன்றும் இருக்கிறது. மாவட்ட நீதிபதி, ஆட்சியர் போன்றவர்களோடு அரசு நியமிக்கும் பொதுமக்கள் சிலரும் சிறைக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. 2017-இலும் உச்ச நீதிமன்றம் இதை அமைக்கச் சொன்னது. என் கருத்தில், சிறையை நடத்தும் அரசே பார்வையாளரையும் நியமிக்கும் வரை அதைச் சுதந்திரமான கண்காணிப்பு என்று சொல்வது மிகை. பிரிட்டனில் சிறைகளுக்கென்றே தனித் தலைமை ஆய்வாளர் இருக்கிறார், அவருடைய குழு சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்கும். சிறைகளைச் சுதந்திரமான குழுக்கள் பார்வையிட வழி செய்யும், ஐ.நா. சித்திரவதைத் தடுப்பு உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறையில் இலங்கைகூட 2017-இல் சேர்ந்தது. இந்தியா 1997-இல் மூல உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டதோடு சரி, உறுதிப்படுத்தவில்லை. பார்வையாளர் குழுவில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவரிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

மாஜிஸ்திரேட் மனுவைத் தள்ளிவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகலாம். 2024-இல் வேலூர் ஆயுள் கைதி ஒருவரை அதிகாரியின் வீட்டு வேலைக்குப் பயன்படுத்தி, திருட்டுப் பழி சுமத்தித் தாக்கித் தனிச் சிறையில் வைத்ததாக அவருடைய தாய் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். வேலூர் தலைமை நீதித்துறை நடுவரை நேரில் விசாரிக்கச் சொன்னது நீதிமன்றம். அந்த அறிக்கைக்குப் பிறகு சிறைத்துறை டிஐஜி உட்படப் பல அதிகாரிகள் மீது சிபிசிஐடி வழக்குப் பதிந்தது.

கடைசியாக ஒரு சின்ன ஆயுதம்: தகவல் உரிமைச் சட்டம். உயிர், சுதந்திரம் சார்ந்த தகவலை 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று அதன் 7(1) பிரிவில் இருக்கிறது. தம்பியின் மருத்துவப் பதிவைக் கேட்டு, அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, அவருடைய சம்மதக் கடிதத்தோடு சிறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். மறுத்தால் அந்த மறுப்புக் கடிதத்தையும் நீதிமன்ற மனுவோடு இணைத்துவிடலாம். சம்மதக் கடிதத்தை வக்கீல் சந்திப்பிலேயே வாங்கிவரச் சொல்லுங்கள். வலது கை நன்றாகத்தானே இருக்கிறது, கையெழுத்துப் போடட்டும்.