கார் ஸ்பிரிங்கை வீட்டிலேயே மாற்றலாமா? பின்பக்கம் சரி, முன்பக்கம் பாதி வரைக்கும்

கேள்வி: தர்மபுரியில் இருக்கிறேன். 2013 மாடல் டீசல் ஹேட்ச்பேக் வைத்திருக்கிறேன். முன்பக்க இடது ஸ்பிரிங் உடைந்திருக்கிறது என்கிறார் மெக்கானிக். ஆயில், பிரேக் பேட் எல்லாம் நானே மாற்றுவேன். ஸ்பிரிங்கையும் வீட்டிலேயே மாற்ற முடியுமா? ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போதாதா? ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற ஸ்பிரிங் கம்ப்ரஸர் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா?

பதில்:

முதலில் வண்டியை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். முன் ஸ்பிரிங் பெரும்பாலும் அடிச்சுற்றில்தான் உடையும். உடைந்த முனை சீட்டை (ஸ்பிரிங் உட்காருகிற தட்டை) விட்டு நழுவினால், அருகிலேயே சுற்றிக்கொண்டிருக்கிற டயரின் உள்பக்கத்தைக் கிழித்துவிடும். நீங்கள் சேலம் போவதென்றால் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் இறங்கித்தான் போக வேண்டும். லாரிகள் முன்னும் பின்னும் நெருக்குகிற அந்த இறக்கத்தில் முன் டயர் வெடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குள் மெதுவாகத்தானே ஓட்டுகிறோம் என்றும் எடுக்காதீர்கள்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். பின் ஸ்பிரிங் என்றால் பெரும்பாலான சின்ன கார்களில் வீட்டிலேயே தாராளமாக மாற்றலாம். முன் ஸ்பிரிங் என்றால், ஸ்ட்ரட்டை (ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் சேர்ந்த தொகுப்பை) வண்டியிலிருந்து கழற்றுவதும் திரும்ப மாட்டுவதும் வீட்டில். ஸ்ட்ரட்டிலிருந்து ஸ்பிரிங்கைப் பிரிப்பது பட்டறையில். காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் சொந்தக்காரர்கள் வண்டி வரைக்கும் நான்தான் பார்க்கிறேன். ஆனாலும் இந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை. நீங்களும் தாண்ட வேண்டாம்.

மெக்கானிக் சொல்லிவிட்டார் என்று உடனே பொருள் வாங்கக் கிளம்ப வேண்டாம். ஒருமுறை நீங்களே பாருங்கள். ஸ்பிரிங் வண்டியின் எடையைத் தாங்குகிறது. அந்த ஸ்பிரிங் ஆடுகிற ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் ஸ்பிரிங்கைச் சந்தேகப்படுங்கள். ஸ்பீடு பிரேக்கர் தாண்டிய பிறகும் எழும்பி எழும்பி இறங்கினால் ஷாக்கைப் பாருங்கள். நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது 'டங்' என்று சத்தம் வந்தால் ஸ்பிரிங்காகவும் இருக்கலாம், ஸ்ட்ரட்டின் உச்சியை வண்டி பாடியோடு சேர்க்கிற மவுண்ட்டின் பேரிங்காகவும் இருக்கலாம். சின்னச் சின்னக் குழியில் கடகடவென்று வந்தால் லிங்க் ராடு (ஸ்ட்ரட்டோடு சேர்கிற ஒல்லியான இணைப்புக் கம்பி) அல்லது லோயர் ஆர்ம் புஷ் (வீலைக் கீழே பிடிக்கிற கையில் இருக்கிற ரப்பர்). சாய்வைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சமமான சிமெண்ட் தரையில் வண்டியை நிறுத்தி, வீல் நடுவிலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை டேப் பிடித்து இரண்டு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரில் காற்று குறைந்திருப்பது கணக்கைக் கெடுத்துவிடும். இந்த அளவு வேலை முடிந்த பிறகும் தேவைப்படும்.

என் மச்சானுக்குப் பாலக்கோட்டில் தக்காளி வியாபாரம். அவர் வண்டியிலும் இதே இடது முன் ஸ்பிரிங்தான். "சத்தம் மட்டும்தான் மச்சான் வருது, வண்டி நல்லாத்தான் ஓடுது" என்றார். வீலைக் கழற்றி, கீழ் சீட்டில் அடைந்திருந்த செம்மண்ணைக் கிளறினால் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு கையோடு வந்தது. முறிந்த வாயைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். ஓரத்தில் பிறை மாதிரி கறுத்துப்போன பழைய துரு. மீதி எல்லாம் சாம்பல் நிறத்தில் புதிதாக மின்னியது. அதாவது விரிசல் ரொம்ப நாளாக ஓரத்திலிருந்து உள்ளே ஊர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. கடைசியில் தாங்க முடியாமல் ஏதோ ஒரு குழியில் மிச்சமும் முறிந்திருக்கிறது.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்தால் புது ஸ்பிரிங்கை எப்படிக் கையாள வேண்டும் என்பதும் புரியும். சுருள் ஸ்பிரிங் அமுங்கும்போது உள்ளே கம்பி முறுக்கப்படுகிறது. அந்த முறுக்கு கம்பியின் நடுவில் இல்லை, மேல்தோலில்தான் அதிகம். அடிச்சுற்று சீட்டில் உரசி உரசி அங்கே பெயிண்ட் போய்விடும். மண் தங்கி, ஈரம் காயாமல் கிடந்து, ஊசிமுனை அளவுக்குத் துருக்குழி விழும். விரிசல் தொடங்க அது போதும். அதனால் புது ஸ்பிரிங்கைச் சுத்தியலால் தட்டாதீர்கள், பைப் ரெஞ்சால் பிடிக்காதீர்கள், பெயிண்டைச் சுரண்டாதீர்கள். மழைக்காலத்தில் வண்டி கழுவும்போது அந்த சீட்டுக்குள்ளும் தண்ணீர் பீய்ச்சி மண்ணை வெளியேற்றினால் ஆயுள் கூடும்.

சரி, முன்பக்கம் ஏன் பாதி வரைக்கும்தான் என்கிறேன்? ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு ஸ்பிரிங்கை 1 மில்லிமீட்டர் அமுக்க 2 கிலோ எடை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சின்ன கார்களில் ஏறக்குறைய இந்த மாதிரிதான் இருக்கும். அதை 10 சென்டிமீட்டர் அமுக்கி வைத்தால் 200 கிலோ விசையோடு அது உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதில் அடைந்திருக்கிற சக்தி, 10 கிலோ கல் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற சக்தி. கல் கீழேதான் விழும். ஸ்பிரிங் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. ஸ்ட்ரட்டை வண்டியிலிருந்து கழற்றிக் கையில் வைத்திருக்கும்போதும் ஸ்பிரிங் முழுதாக விரிந்திருக்காது. உச்சியில் இருக்கிற அந்த ஒற்றை நட்டுதான் அதை அடக்கி வைத்திருக்கிறது. அமுக்காமல் அதைத் திறந்தால் மவுண்ட்டும் மேல் சீட்டும் முகத்தை நோக்கி வரும். கம்பி கட்டியும் கயிறு சுற்றியும் ஸ்பிரிங்கை இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எவ்வளவு அனுபவம் உள்ளவர்களாக இருந்தாலும் பக்கத்தில் நிற்காதீர்கள்.

வண்டியைத் தூக்குவதிலிருந்து ஆரம்பிக்கலாம். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு இல்லை. இரண்டு ஜாக்கி ஸ்டாண்ட் வாங்கிவிடுங்கள். இந்த வேலையில் பணம் போட வேண்டிய முதல் பொருள் அதுதான். கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் கிரானைட் துண்டுக்கும் ஹாலோ பிளாக்குக்கும் பஞ்சமில்லை, எல்லார் வீட்டு ஓரத்திலும் கிடக்கும். அவற்றை அண்டை கொடுக்கிற பழக்கமும் இருக்கிறது. ஹாலோ பிளாக் முன்னறிவிப்பு இல்லாமல் சட்டென்று நொறுங்கும். கிரானைட் கெட்டிதான், ஆனால் இரும்பு உட்கார்ந்தால் வழுக்கும், விளிம்பில் பாரம் வந்தால் தெறிக்கும். கூடுதல் பாதுகாப்பு வேண்டுமென்றால் கழற்றிய வீலைப் படுக்க வைத்து வண்டிக்கு அடியில் தள்ளி வையுங்கள். பின் வீல்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, வீல் நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். மண் தரையில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

வீலைக் கழற்றியதும் ஸ்ட்ரட்டைக் கவனியுங்கள். முதல் நாள் சாயந்திரமே எல்லா போல்ட்டுக்கும் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து விட்டிருந்தால் பாதி வேலை மிச்சம். பிரேக் ஹோஸும், ஏபிஎஸ் இருந்தால் அதன் வயரும் ஸ்ட்ரட்டில் கிளிப் போட்டு மாட்டியிருக்கும்; அவற்றை விடுவியுங்கள். அப்புறம் லிங்க் ராடு. அப்புறம் ஸ்ட்ரட்டை நக்கிளோடு (வீல் மாட்டியிருக்கிற இரும்புப் பாகத்தோடு) சேர்க்கிற இரண்டு பெரிய போல்ட். அதைத் தளர்த்துவதற்கு முன், போல்ட் தலையும் ஸ்ட்ரட்டும் சேர்கிற இடத்தில் வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். சில வண்டிகளில் அந்த போல்ட்டே வீலின் சாய்வைத் தீர்மானிக்கும். போல்ட் இரண்டும் வந்ததும் நக்கிள் வெளிப்பக்கமாகச் சாயப் பார்க்கும். அதை ஒரு கம்பியால் மேலே இழுத்துக் கட்டிவிடுங்கள். சாய விட்டால், வீலைச் சுழற்றுகிற டிரைவ் ஷாஃப்ட்டின் ஜாயின்ட் உள்ளே கழன்றுவிடும், பிரேக் ஹோஸும் இழுபடும்.

கடைசியாக பானட்டைத் திறந்து மேல் நட்டுகள். பெரும்பாலான வண்டிகளில் மவுண்ட்டைச் சுற்றி இரண்டோ மூன்றோ சின்ன நட்டு இருக்கும். அவற்றை மட்டும் கழற்ற வேண்டும். நடு நட்டைத் தொடக் கூடாது. சில மாடல்களில் மேலே ஒரே ஒரு பெரிய நட்டுதான் தெரியும். அது வண்டியோடு ஸ்ட்ரட்டைப் பிடிக்கிற நட்டா, ஸ்பிரிங்கை அடக்குகிற நட்டா என்று உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் பார்க்காமல் ஸ்பேனரை வைக்காதீர்கள். கடைசி நட்டு வரும்போது கீழே ஒருவர் ஸ்ட்ரட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும், நல்ல கனம் இருக்கும்.

வலது பக்கத்தையும் இதே மாதிரி கழற்றி (ஏன் என்று கீழே சொல்கிறேன்), இரண்டு ஸ்ட்ரட்டையும் புது ஸ்பிரிங்குகளையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். சுவரிலோ தரையிலோ பதித்த பெரிய கம்ப்ரஸர் இருக்கிற இடமாகத் தேடிப் போங்கள். தர்மபுரியில் தோதான இடம் அமையாவிட்டால் ஓசூர் வரை போனாலும் நஷ்டமில்லை. அங்கே பிரித்ததும் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் (ஸ்பிரிங் ரொம்ப அமுங்கும்போது இடி தாங்குகிற ரப்பர்), தூசு கவர் நான்கையும் கையில் வாங்கிப் பாருங்கள். பேரிங்கைச் சுற்றினால் கரகரவென்று இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். ஷாக்கில் எண்ணெய் கசிந்திருந்தால் அதையும் இப்போதே மாற்றுங்கள். பிறகு மாற்றுவதென்றால் இதே வேலை முழுவதும் திரும்ப. நடு நட்டு புதிதாகவே போடச் சொல்லுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டீர்கள். போதாது. எஃகின் விறைப்பு வயதானதால் குறைவதில்லை, ஆனால் வருஷக்கணக்கில் பாரம் சுமந்த ஸ்பிரிங் உயரத்தில் கொஞ்சம் இறங்கிவிடும். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் வண்டி சாய்ந்தே நிற்கும். அதோடு இடதில் மண்ணும் துருவும் செய்த வேலையை வலதிலும் செய்திருக்கும். வாங்கும்போது பார்ட் நம்பரைப் பார்த்து வாங்குங்கள். டீசல் இன்ஜின் கனம் அதிகம் என்பதால் ஒரே மாடலிலும் பெட்ரோல் வண்டிக்கு வேறு முன் ஸ்பிரிங் வருவதுண்டு. சுற்றில் இருக்கிற வண்ணக் கோடுகளும் அந்த வகையைச் சொல்லத்தான். இரண்டு பக்கமும் ஒரே நிறமாக இருக்க வேண்டும்.

பழைய ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வேலை செய்கிற சுற்று ஆறில் ஒன்றை வெட்டினால் ஸ்பிரிங் 20 சதவீதம் விறைத்துப்போகும், வெட்டின முனை சீட்டிலும் உட்காராது. கேஸ் வைத்துச் சூடாக்கினால் அந்த இடத்தில் எஃகின் பதமே போய்விடும். சுற்றுகளுக்கு நடுவே செருகுகிற ரப்பர் பஃபரும் அப்படித்தான்: அது பிடித்துக்கொண்ட சுற்று அசையாது, மீதிச் சுற்றுகள் கூடுதலாக முறுக்கப்படும். தரை இடிக்கிறது என்றால் சரியான ஸ்பிரிங்தான் மருந்து.

இனி பின்பக்கம் மாற்ற வேண்டி வந்தால் பயப்படாமல் இறங்குங்கள். இப்போதைய சின்ன கார்கள் பலவற்றில் பின்னால் டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின் வீலையும் சேர்க்கிற குறுக்கு இரும்பு. ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. (ஆம்னி மாதிரி பட்டை ஸ்பிரிங் இருக்கிற வண்டி என்றால் அது வேறு வேலை. ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்திருந்தால் முன்பக்கத்துக்குச் சொன்னதுதான் பின்பக்கத்துக்கும்.) பாடியை ஸ்டாண்டில் நிறுத்தி, பீமுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, இரண்டு ஷாக்கின் கீழ் போல்ட்டையும் கழற்றி, ஜாக்கியை மெல்ல மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் தானாகத் தளர்ந்து கைக்கு வரும். இறக்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ரப்பர் சீட்டில் ஒரு படி மாதிரி இருக்கும்; ஸ்பிரிங் முனை அதில் ஒட்டி நிற்க வேண்டும். ஷாக்கின் கீழ் போல்ட்டை, வண்டி தொங்கும்போது கடைசி வரை முறுக்காதீர்கள். வீல் தரையில் உட்கார்ந்து பாரம் வந்த பிறகு முறுக்குங்கள். இல்லையென்றால் புஷ் ரப்பர் எப்போதும் திருகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். மச்சான் வண்டியில் தக்காளிப் பெட்டி சுமந்து இறங்கிப்போன பின் ஸ்பிரிங்குகளை இப்படித்தான் கொட்டகையில் மாற்றினோம், நிதானமாக, ஒரே காலையில்.

அந்த மலிவான கம்ப்ரஸரை வாங்க வேண்டாம். இரண்டு திருகுக் கம்பியும் கொக்கியுமாக வருவதுதானே? அதில் கொக்கி வழுக்காமல் இருப்பதும் கம்பியின் மரை உரியாமல் இருப்பதும் எஃகின் தரத்தைப் பொறுத்தது, அதைப் படத்தில் பார்த்துச் சொல்ல முடியாது. நல்லதாகவே கிடைத்தாலும் இரண்டையும் நேர் எதிர் எதிரே மாட்டி, மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் மட்டுமே முறுக்க வேண்டும். ஏற்கெனவே உடைந்த ஸ்பிரிங்கில் கொக்கிக்கு நேரான பிடிமானமும் இருக்காது. உங்கள் வண்டிக்கு இது இன்னும் கூடுதல் ஆபத்து.

மாட்டி முடித்ததும் பெயிண்ட் கோடு பொருந்துகிறதா என்று பார்த்து, மேனுவல் சொல்கிற அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். ஊருக்குள் மெதுவாக ஓட்டி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிச் சத்தம் கேளுங்கள். பிறகு நேராக வீல் அலைன்மென்ட். ஒரு வாரம் ஓடிய பிறகு எல்லா நட்டையும் ஒருமுறை சோதித்துவிட்டு, அதே சிமெண்ட் தரையில் அதே டேப்பைப் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டார்ச் அடித்து ஸ்பிரிங்கின் கீழ் முனையைப் பாருங்கள். பெரும்பாலும் சீட்டில் சரியாக உட்கார்ந்திருக்காது.