‘அது உங்கட கட்டுரை அம்மா’

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மா அவர்களுக்கு,

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில், முத்தையன்கட்டுக் குளத்துக்கு அண்மையில் வசிக்கும் ஒரு தாய். மகள் 7ஆம் தரத்தில் படிக்கிறாள். அவளுக்கும் அயல் பிள்ளைகள் நால்வருக்கும் பின்னேரங்களில் எங்கள் விறாந்தையில் வைத்து ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் பக்கத்தில் ஆங்கில ஆசிரியர் கிடைப்பதே அரிது. மரநிழல் வகுப்பில் படித்துப் பேச்சுப்போட்டிகளில் நான் வாங்கிய மூன்று சான்றிதழ்களும் 2009இல் நாங்கள் இடம்பெயர்ந்து ஓடியபோது பையோடு போய்விட்டன.

இந்த ஆண்டு ஆங்கில தினப் போட்டியில் கட்டுரை எழுத மகளைப் பாடசாலையில் தெரிவுசெய்தார்கள். பயிற்சிக்காக, எங்கள் குளம் நிறைந்து வான் பாய்ந்த (மேலதிக நீர் வழிந்தோடிய) நாளைப் பற்றி அவள் தானாகவே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். ‘வான்’ என்பதை ‘ஸ்கை’ என்றும் ‘பாய்ந்தது’ என்பதை ‘ஜம்ப்’ என்றும் சொல்லுக்குச் சொல் மாற்றியதில், குளம் ஆகாயத்துக்கு மேலால் குதித்தது போல அந்த வசனம் ஆகியிருந்தது. நான் சிவப்புப் பேனையால் அதை வெட்டினேன். பிறகு அடுத்த வசனத்தையும் வெட்டி, அகராதியில் தேடிப் பெரிய பெரிய சொற்களாகப் போட்டேன். முடிவில் அவளுடைய ஒரு வரிகூட அதில் மிஞ்சவில்லை. அதைப் போல இன்னும் நான்கு கட்டுரைகளை நானே எழுதிக்கொடுத்து அவளைப் பாடமாக்க வைத்தேன்.

வலய மட்டத்தில் வந்த தலைப்பு அவற்றில் ஒன்றோடு பொருந்தியதால் அவள் முதலிடம் பெற்றாள். என்னிடம் படிக்கும் அயல்வீட்டுப் பையன் வேறு பாடசாலையிலிருந்து வந்து தன் சொந்தச் சொற்களிலேயே எழுதியிருந்தான். அவனுக்கு இடம் எதுவும் கிடைக்கவில்லை. அன்று அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. மகளோ சான்றிதழ் வந்த நாளிலிருந்து கொப்பியில் எதுவும் எழுதுவதில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “அது உங்கட கட்டுரை அம்மா. நான் பாடமாக்கினது மட்டும்தான்” என்றாள்.

அடுத்தது மாகாண மட்டம். அவளை நிறுத்திவிடலாமா? பிழையான சொல்லைப் பிழையென்று சொல்லாமல் விடுவதும் பிள்ளைக்குச் செய்யும் துரோகம் அல்லவா?

இப்படிக்கு,
ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் அந்தச் சொல்லை உங்களிடம் சொன்னாளே, அதையே நான் முதலில் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்கிறேன். முதலிடம் பெற்றும் அது தன்னுடையதல்ல என்று உணர்ந்து, அதைத் தாயிடம் சொல்லவும் துணிந்த பிள்ளை, எழுத்தை இன்னும் தன் சொந்தப் பொருளாகத்தான் நினைக்கிறாள்.

போட்டியே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்னும் உளவியலாளர்கள், படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள பாலர் பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தார்கள். வரைந்தால் தங்க முத்திரையும் நாடாவும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பிள்ளைகள், பின்னர் சுதந்திரமாக விளையாட விட்டபோது மற்றவர்களைவிடக் குறைவான நேரமே வரைந்தார்கள். ஆனால் எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்ற பிள்ளைகளின் ஆர்வம் குறையவில்லை. பரிசு கையில் வந்ததால் ஆர்வம் கெடவில்லை. பரிசுக்காகவே வரைகிறோம் என்று ஆனபோதுதான் கெட்டது. உங்கள் வீட்டில் இதற்கும் ஒருபடி மேலே நடந்திருக்கிறது: பரிசு பிள்ளைக்கு வந்தது, எழுதும் வேலை அவளிடமிருந்து போய்விட்டது.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. பிழையைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த ‘வான்’ எப்படிப் பிழைத்தது என்று பாருங்கள். குளத்தில் மேலதிக நீர் வெளியேறும் இடத்துக்கும் ஆகாயத்துக்கும் நம் மொழியில் ஒரே சொல் இருக்கிறது. அவள் கவனக்குறைவால் பிழை விடவில்லை, தனக்குத் தெரிந்த தமிழை நம்பி எழுதினாள். வெட்டுவதற்கு முன்னர், “எந்த வான் பிள்ளை, மேலே இருக்கிறதா, தண்ணி போறதா?” என்று கேட்டிருந்தால் அவளே சிரித்துக்கொண்டு திருத்தியிருப்பாள். அதன் பிறகு ‘ஓவர்ஃப்ளோ’, ‘ஸ்பில்’ என்ற இரண்டையும் முன்னால் வைத்து, முதலாவது நிறைந்து வழிவது, இரண்டாவது நம் நாட்டு ஆங்கிலப் பத்திரிகைகள் குளம் வான் பாய்வதற்கு எழுதுவது, ஆனால் தேநீர் சிந்துவதற்கும் அதே சொல்தான் என்று விளக்கிவிட்டு, தெரிவை அவளிடம் விட்டுவிடலாம். எதை எடுத்தாலும் அது அவள் எடுத்த சொல்லாக இருக்கும்.

பல இடங்களில் அவளுடைய தமிழே அவளுக்கு வழிகாட்டும். பெரிய மழை என்று நினைத்து ‘பிக் ரெயின்’ என்று எழுதினால், வானொலியில் காலநிலை அறிவிப்பில் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். கனமழை என்பாள்; கனம் என்றால் ‘ஹெவி’. பலத்த காற்று என்பாள், அது ‘ஸ்ட்ரோங்’. தமிழ் வழிகாட்டாத இடங்களும் உண்டு. நாம் மருந்து குடிக்கிறோம், ஆங்கிலத்தில் அதை ‘டேக்’ செய்கிறார்கள். நாம் கனவு காண்கிறோம், அவர்கள் அதற்கு ‘ஹேவ்’ என்கிறார்கள். இரவல் வாங்கவும் கொடுக்கவும் நமக்கு ‘இரவல்’ என்ற ஒரு சொல் போதும், அவர்களுக்கு ‘பொறோ’, ‘லெண்ட்’ என்று இரண்டு வேண்டும். இத்தகைய சொற்களுக்கு அவள் தானே ஒரு கொப்பி வைத்திருக்கட்டும். ஒரு கட்டுரையில் இரண்டு அல்லது மூன்று இடங்களைத் தொட்டால் போதும். மிச்சத்தை இன்னொரு நாள் பார்க்கலாம். அகராதியின் பெரிய சொற்களைத் தயவுசெய்து மூடி வையுங்கள். 12 வயதுப் பிள்ளை தன் வாயால் சொல்லாத சொல், பரீட்சை மண்டபத்தில் அவளுக்குக் கைகொடுக்காது.

மாகாண மட்டத்துக்குப் போவதா இல்லையா என்பதை அவளிடமே கேளுங்கள். கேட்பதற்கு முன்னர், “நான் உன்ர கட்டுரையை எடுத்து எழுதிப்போட்டன், அது பிழை” என்று ஒரே வசனத்தில் சொல்லிவிடுங்கள். நீண்ட விளக்கம் தேவையில்லை, அழவும் வேண்டாம். போகிறேன் என்றால், பாடமாக்கிய கட்டுரைகள் இல்லாமல் போகட்டும். இடம் கிடைக்காமல் வந்தாலும் அன்று இரவு வீட்டில் முகம் சுளிக்க மாட்டோம் என்பதை நீங்களும் அவளின் அப்பாவும் முன்னரே பேசி முடிவுசெய்யுங்கள். அயல்வீட்டுப் பையனிடமும், அவன் எழுதியதில் உங்களுக்குப் பிடித்த வரி எது என்பதைச் சொல்லுங்கள்.

சகோதரி, பையோடு போன அந்த மூன்று சான்றிதழ்களை நான் கடந்துபோகவில்லை. அவை உங்களுடையவை, அந்த இழப்புக்காகத் துக்கப்பட உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. மகளின் சான்றிதழ் அந்த இடத்தை நிரப்பாது, நிரப்பும்படி அவளிடம் கேட்கவும் கூடாது. ஆனால் மரநிழலில் நின்று நீங்கள் என்ன பேசினீர்கள் என்று அவளுக்குச் சொல்லலாம். அவள் கேட்டிருக்கவே மாட்டாள் என்று நினைக்கிறேன்.

அந்தச் சிவப்புக் கோடுகள் போட்ட பக்கம் இன்னும் வீட்டில் இருந்தால், அதை அவளிடம் திருப்பிக் கொடுத்து, குளக்கட்டில் நின்று அன்று அவள் என்ன பார்த்தாள் என்று கேளுங்கள். உடனே எழுதாவிட்டால் விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்