முதல் உலகப் போரில் தனியார் ஏன் போர்க்கள மருத்துவமனைகள் நடத்தினார்கள்?

ராணுவத்துக்கே மருத்துவப் பிரிவு இருக்கும்போது தனியார் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். 1914-இல் காயம்பட்டவர்கள் வந்து குவிந்த வேகத்துக்கு அந்தப் பிரிவுகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. இன்னொரு காரணம், என் பார்வையில் சுவாரசியமானது: பிரிட்டிஷ் ராணுவம் பெண் மருத்துவர்களை ஏற்கத் தயாராக இல்லை. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரைச் சேர்ந்த பெண் மருத்துவர் எல்சி இங்கிலிஸ் உதவ முன்வந்தபோது, வீட்டுக்குப் போய்ச் சும்மா இருக்கச் சொன்னார்களாம். அவர் நன்கொடை திரட்டி, ஸ்காட்டிஷ் பெண்கள் மருத்துவமனைகளைத் தொடங்கி பிரான்சுக்கும் செர்பியாவுக்கும் அனுப்பினார். பாரிசுக்கு வடக்கே ருவாயோமோன் மடாலயத்தில் இயங்கிய அவர்களது மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்ததும் பெண்களே. 1915-இல் செர்பியாவில் பரவிய டைபஸ் காய்ச்சல் செவிலியர்களையும் பலிகொண்டது.

தொண்டர் செவிலியர்கள் பலருக்குக் கிடைத்தது குறுகிய காலப் பயிற்சிதான். தரை துடைப்பது, படுக்கை மாற்றுவது போன்ற வேலைகளே முதலில் வந்தன. முறையாகப் படித்த செவிலியர்களுக்கு இவர்கள்மேல் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது.