டிகின்டர் கடிகாரம் உறைந்து நிற்பது குறித்து

பைத்தானில் சாளரங்களை உருவாக்கும் நூலகமான டிகின்டரில் அமைந்த உங்கள் கடிகாரச் சாளரம் உறைந்து நிற்பதற்குக் காரணம், ஒரு நொடி காத்திருப்பதற்காக டைம்.ஸ்லீப்(1) என்ற வரியுடன் நீங்கள் எழுதியிருக்கும் வைல் சுழற்சிதான். அந்தச் சுழற்சியையே நீக்கிவிட்டு, நேரத்தை மாற்றும் புதுப்பி என்ற செயற்கூற்றின் கடைசி வரியாக ரூட்.ஆஃப்டர்(1000, புதுப்பி) என்று எழுதுங்கள்.

சாளரத்தை வரைவதும் சொடுக்குகளைக் கவனிப்பதும் டிகின்டரின் முதன்மைச் சுழற்சியான மெயின்லூப்பின் வேலை என்பதால், உங்கள் சுழற்சி முடியாதவரை அதற்கு முறையே வராது.

ஐயமிருந்தால், இப்போதுள்ள சுழற்சிக்குள் நேரத்தை பிரின்ட் செய்து பாருங்கள். முனையத்தில் நொடிகள் ஒழுங்காக ஓடும், சாளரம் மட்டும் அசையாது. நிரலில் கணக்குப் பிழை இல்லை என்பது அப்போதே தெளிவாகும்.

ஆஃப்டருக்குள் புதுப்பி என்ற பெயருக்குப் பின் மட்டும் அடைப்புக்குறி இட்டுவிடாதீர்கள். இட்டால் 1000 மில்லிநொடி காத்திராமல் அது தன்னையே மீண்டும் மீண்டும் அழைத்து, ரிகர்ஷன் பிழையில் போய் நிற்கும்.